அம்மா பெயரில் இருந்த பூவேலை

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே சுவரைத்தான் பார்ப்பார்கள். தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். முன் அறை, உள் அறை, சமையலறை, அவ்வளவுதான் வீடு. அந்த முன் அறையில் ரேடியோவுக்குப் பூப்போட்ட உறை, வாசல் திரையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு மயில், தலையணைகளில் கொடி. சுவரில் பதித்த கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பெரிய மேஜை விரிப்பு, பூக்கள் வெளியே தெரியும்படி மடித்து வைத்திருக்கும். எங்களிடம் மேஜை கிடையாது.

"இதெல்லாம் நீங்க போட்டதா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். "சும்மா இருக்கிற நேரத்துல போடுறதுதான்" என்பாள் அம்மா. அதற்கு மேல் பேச மாட்டாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தப் பூக்களில் ஒரு விசேஷம் உண்டு. ஐந்து இதழ் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருக்கும். வலது பக்கம், மேலே, ஓர் இதழுக்கான இடம் காலியாகக் கிடக்கும். எல்லாத் துணியிலும், எல்லாப் பூவிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் என் கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, "உங்க அம்மா ஒண்ணை மறந்துட்டாங்களே" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். "அது அப்பிடித்தான்" என்றாள் அம்மா. எனக்கும் கற்றுக்கொடு என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "படிக்கிற வேலையைப் பாரு" என்பதுதான் பதில். யாராவது வந்திருக்கும்போது அம்மா துணியை மடியில் வைத்துக்கொண்டு ஓரம் மடித்துத் தைப்பாள். இப்போது யோசித்தால், அம்மா கையில் ஒரு பூ வளர்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அது தோன்றவில்லை.

அப்பா ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் விற்பனையாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பட்டணத்துக்கு வந்து, அந்தக் கடையிலேயே நின்றவர். நின்றவர் என்றால் நிஜமாகவே நின்றவர். காலையிலிருந்து கடை மூடும் வரை வெள்ளை விரிப்பின் முன்னால் நின்றுகொண்டு புடவை விரித்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டதும் உள் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். "அப்பா தூங்குதாரு, கதவத் தட்டாத" என்பாள் அம்மா. வாரம் முழுக்க நிற்கிற மனிதர் தூங்க வேண்டாமா என்று நான் நடப்பதைக்கூட மெதுவாக நடப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்கு நாலு வயதிலிருந்து ஆறு வயது வரை அப்பா பம்பாயில் இருந்தார். கடைக்காரர்கள் அங்கே சரக்கு எடுக்க அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். பம்பாய் எப்படி இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டால், "கடல் இருக்கும். இங்க மாதிரிதான்" என்பார்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தொரு வயது. கிண்டி எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். மயிலாப்பூரில் பாத்திரக்கடை வைத்திருந்த எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, மூன்று பேர்.

மாப்பிள்ளையின் அம்மா மெலிந்த உடம்புக்காரர். பேச்சு குறைவு. எல்லாப் பெண் வீட்டிலும் வழக்கமாகச் சொல்வதை அம்மாவும் சொன்னாள்: "இங்க இருக்கிறதெல்லாம் இவ போட்டதுதான் மதினி." எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் இது பெரிய பொய்யாக அப்போது படவில்லை. அம்மா போட்டதைப் பெண் போட்டது என்று சொல்லாத வீடு எங்கே இருந்தது?

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து அலமாரியிடம் போனார். "எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெரிய விரிப்பை வெளியே எடுத்தார். ஒரு மூலையைப் பிரித்தார். விரலை ஒரு பூவின் மேல் வைத்தார். பிறகு அடுத்த பூ. பிறகு துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இறங்கிப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"இந்தப் பூவை யாருகிட்டம்மா படிச்ச?" என்றார் என்னிடம்.

"அம்மாகிட்ட."

"நீங்க?" என்று அம்மாவைப் பார்த்தார்.

"ஊருல எங்க அக்காகிட்ட படிச்சேன்" என்றாள் அம்மா.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, ஏனோ தெரியவில்லை, வாசல் பக்கம் சட்டையைச் சரிசெய்தபடி நின்றிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா உடனே குனிந்துகொண்டார். விரிப்பை மடித்து, இருந்த மாதிரியே உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார் அந்த அம்மாள். கேசரியைத் தொடவில்லை. எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு அரை நாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தபோது வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. "இன்னாமா, இந்த ஊடுதானே? போய்ட்டு வா, நா இங்கியே நிக்கறேன்" என்று ரிக்ஷாக்காரர் சொல்வது மாடிக்குக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா தனியாகப் படியேறி வந்தார்.

"அண்ணாச்சி கடைக்குப் போயிட்டாகளா?"

"போயிட்டாக. வாங்க மதினி, உட்காருங்க." அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சம்பந்தம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருப்பாள். என்னைப் பார்த்து, "நீ போய் காப்பி போடு" என்றாள்.

சமையலறைக்கும் முன் அறைக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன்.

"மதினி, நான் சுத்தி வளைச்சுப் பேச வரல" என்றார் அந்த அம்மாள். "அந்தப் பூவ நீங்க போடல. உங்க மகளும் போடல."

அவரே குரலைத் தணித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அங்க பொம்பளை வார்டுக்கும் ஆம்பளை வார்டுக்கும் ஒரே நர்ஸம்மா. மலையாளத்துக்காரி. படம் வரைஞ்ச தாளு ஒண்ணு வச்சிருந்தா. அதுல ஒரு ஓரம் கிழிஞ்சு போச்சு. அஞ்சாவது இதழு கிழிஞ்ச பக்கத்தோட போயிருச்சு. அந்தத் தாள வச்சுப் படிச்சவுக எல்லாரும் நாலு இதழுதான் போடுவோம். நானும் அப்பிடித்தான் போட்டேன்."

"நீங்களுமா?" என்றாள் அம்மா. அவள் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"பதினாலு மாசம். பிள்ளைகளுக்கு நான் கொழும்புல எங்க அக்கா வீட்டுல இருக்கேன்னு சொல்லியிருந்தாக. இன்னைக்கு வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருக்குதுக. உங்க வீட்டுல யாரு? அண்ணாச்சியா?"

பிறகு அம்மா சொன்னாள்: "ரெண்டு வருஷம். பம்பாய்னு சொன்னோம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. வார்த்தைகள் காதில் விழுந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்க மனசு மறுத்தது. வார்டு, நர்ஸம்மா, பம்பாய். ஊருக்கு வெளியே, சவுக்குத் தோப்புக்கு நடுவில், ஒரு டி.பி. ஆஸ்பத்திரி இருப்பது எல்லோருக்கும் தெரியும். ரயில் அந்தப் பக்கம் போகும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். நானும் பொத்தியிருக்கிறேன். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

முன் அறையில் அம்மா அழுதுகொண்டே பேசினாள். "நீங்களும் அதே கஷ்டம் பட்டவுக மதினி. உங்களுக்குத் தெரியாததா? இனிமே நமக்குள்ள மறைக்க என்ன இருக்கு? பிள்ளைகளுக்கு முடிச்சு வச்சிருவோம்."

"அதனாலதான் வேண்டாம்ங்கேன்."

நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு இன்னும் ஒரு மக இருக்கா. அவளுக்கு மாப்பிள்ள பார்க்கணும். உங்க வீட்டுல ஒண்ணு, எங்க வீட்டுல ஒண்ணு. ரெண்டும் ஒரே எடத்துல சேர்ந்தா என்னைக்காவது வெளிய வந்துரும். நாளைக்கு ஒரு விசேஷத்துல அண்ணாச்சியும் நானும் ஒரே பந்தியில உட்காருவோம். அவுக ஏதோ ஞாபகத்துல அந்த நர்ஸம்மா பேச்ச எடுத்தா போதும். எம்புள்ளைக பார்த்துக்கிட்டு இருக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னொண்ணு சொல்லத்தான் வந்தேன். அதையெல்லாம் வெளிய வைக்காதீங்க. இந்த ஊர்ல அங்க இருந்துட்டு வந்தவுக எத்தனையோ பேரு. நான் கண்டுபிடிச்ச மாதிரி எவளாவது கண்டுபிடிப்பா. உங்க மக நல்லா இருக்கணும்" என்றார்.

காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். ரிக்ஷா மணி தெருமுனை வரை கேட்டது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து நேராக வாசல் திரையின் கம்பியைக் கழற்றினாள். மயில்கள் கீழே விழுந்தன. ரேடியோ உறை, தலையணை உறைகள், அலமாரியிலிருந்து அந்தப் பெரிய விரிப்பு, எல்லாவற்றையும் ஒரு போர்வையில் போட்டு மூட்டையாகக் கட்டினாள். பின்பக்கப் படி வழியாகக் கொல்லைக்கு இறங்கினாள். அங்கே கீழ் வீட்டாருக்கும் எங்களுக்கும் பொதுவான வெந்நீர் அடுப்பு உண்டு. நான் பின்னாலேயே போனேன்.

தடுத்திருக்கலாம். எத்தனையோ வருஷமாக இந்த இடத்துக்கு வந்ததும் நானே என்னைக் கேட்டுக்கொள்கிற கேள்வி இது. தடுக்கவில்லை. அம்மா அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். விரலால் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தேன். துணியின் மேல் எனக்கு அருவருப்பு வந்துவிட்டது என்பதுதான் உண்மை. முந்தின ராத்திரிகூட அந்தத் தலையணையில்தான் படுத்திருந்தேன்.

கீழ் வீட்டு மாமி புகையைப் பார்த்துவிட்டு வந்தார். "என்னடியம்மா இது, நன்னா இருக்கறதையெல்லாம் போட்டுக் கொளுத்திண்டிருக்கே?"

"கரையான் அரிச்சிருச்சு மாமி" என்றாள் அம்மா.

"மாடியிலயா கரையான்?" என்று கேட்டுவிட்டு நின்றார் மாமி. அம்மா திரும்பவே இல்லை. மாமி உள்ளே போய்விட்டார்.

விரிப்பு கடைசியில் போனது. கனமான துணி, சீக்கிரம் பிடிக்கவில்லை. அம்மா அதைக் குச்சியால் உள்ளே தள்ளித் தள்ளி விட்டாள்.

சனிக்கிழமைகளில் கடையில் கூட்டம் என்பதால் அப்பாவின் சாப்பாட்டு முறை வர நாலு மணி ஆகும். அன்றைக்கும் நாலு மணிக்கு வந்தார். வாசலில் திரை இல்லாததைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தார்.

அம்மா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். யார் வந்தது, என்ன சொன்னது, என்ன செய்தது. சொல்லி முடித்துவிட்டு, "உங்க பூவாலதான் எல்லாம் போச்சு. நான் எத்தனை தடவை சொன்னேன், அந்த அஞ்சாவது இதழையும் சேர்த்துப் போடுங்கன்னு?" என்றாள்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பெரிய விரிப்புமா?"

"எல்லாந்தான்."

"அதுக்கு மூணு வருஷம் ஆச்சு" என்றார். அம்மாவிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். ரசம் வரைக்கும் சாப்பிட்டார். கடைக்குத் திரும்பக் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீ எல்லாத்தையும் கேட்டியாம்மா?" என்றார்.

"கேட்டேன்."

"பயமா இருக்கா?"

"இல்லப்பா" என்றேன். பொய் சொன்னேன்.

பயம் எனக்கு நெஞ்சில் வரவில்லை, கையில் வந்தது. மறுநாளே என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். மாறிவிடக் கூடாது என்று அதன் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறினேன். என் பாயைச் சமையலறை ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டேன். கேட்டதற்கு, அங்கே காற்று வருகிறது என்றேன். அப்பா தொண்டையைச் செருமினால் நான் எழுந்து பால்கனிக்குப் போனேன். இதையெல்லாம் யோசித்து முடிவு செய்யவில்லை. கால் தானாக எழுந்தது. பதினைந்து வருஷம் அவர் தட்டில் மிச்சம் வைத்த அப்பளத்தை எடுத்துத் தின்றவள் நான்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அப்பா கடையிலிருந்து வரும்போது ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே புதுத் தட்டும் டம்ளரும். ஜன்னல் மாடத்தைத் துடைத்து அதில் கவிழ்த்து வைத்தார்.

"இது எனக்கு" என்றார். "அது உங்க ரெண்டு பேருக்கும். மாத்தி எடுத்துராதீக."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் வாடிக்கையாளருக்கு விலை சொல்வது மாதிரி, அதே தணிந்த குரலில் சொன்னார். நான் ஆணியால் கீறியதை அவர் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அப்பாவுக்கு நோய் வந்த காலத்திலேயே அவள் இப்படித் தட்டும் டம்ளரும் பிரித்து வைத்து முடித்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த திங்கட்கிழமை அப்பா கடையில் அரை நாள் சொல்லிவிட்டு, "வா, நெஞ்சு போட்டோ ஒண்ணு எடுத்துருவோம். உனக்கும் ஒரு நிம்மதி" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சர்க்கார் கிளினிக்கில் நீளமான பெஞ்சு. நிறையப் பேர். எங்கள் முறை வர வெகுநேரமாயிற்று. என்னைவிட இரண்டு சாண் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அங்கேதான் முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினார்.

"மூணு மாசம் கட்டில விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னாங்க. கைய மட்டும் ஆட்டலாம். பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன். சின்ன வயசு, எலெக்ட்ரிக் வேலை பார்த்தவன். தலகாணி உறையில பூப் போட்டுக்கிட்டிருந்தான். பாதியில விட்டுட்டுப் போயிட்டான்."

"வீட்டுக்கா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லம்மா" என்றார்.

அவரே மேலே சொன்னார்.

"நர்ஸம்மா அந்தத் துணிய எங்கிட்டக் கொண்டாந்து, இத முடிச்சுக் குடுங்க, அவங்க அம்மாவுக்கு அனுப்பணும்னா. எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. அவதான் கைய பிடிச்சுச் சொல்லிக் குடுத்தா. முடிச்சோம். அனுப்பினா. அப்புறம் எனக்கே ஒரு துணி குடுத்தா."

"வீட்டுக்கு வந்தப்புறம் ஏம்ப்பா விடல?"

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடப் பயமா இருந்துச்சு. போடுற வரைக்கும் ஒண்ணும் வராதுன்னு ஒரு நெனப்பு. நிறுத்தினா திரும்பி வந்துருமோன்னு. டாக்டரு சொன்னதில்ல, நானா நெனச்சுக்கிட்டதுதான். உங்கம்மாகிட்டச் சொன்னேன். அவ, சரி, போடுங்க, எம் பேரச் சொல்லிக்கிடுதேன்னா. ஆம்பளை பூப் போட்டா எங்க படிச்சன்னு கேப்பாங்கல்லா."

அந்த மனிதரை உயிரோடு வைத்திருப்பதாக அவர் நம்பிய ஒன்றை நான் ஓரத்தைப் பிடித்து எடுத்துக் கொடுத்து எரித்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் போட்டோ வந்தது. எனக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இடது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு தழும்பு. "பழசு, ஆறிப்போனது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவர்கிட்டேயிருந்து யாருக்கும் எதுவும் வராது. இத்தனை வருஷத்துல வந்துச்சா? இதுக்குப் போய் ஏம்மா பயப்படறீங்க?" என்று கேட்டார். நான் பயந்தேன் என்று அவரிடம் யார் சொன்னது? அப்பா முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் மாடத்திலிருந்த அவர் டம்ளரில் எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டேன். அப்பா பார்த்தார். "வேண்டாம்மா. இது எனக்குப் பழகிருச்சு" என்று சொல்லி, நான் குடித்து முடித்ததும் வாங்கிக் கழுவி, மறுபடியும் மாடத்திலேயே கவிழ்த்தார். கடைசி வரை அவர் தட்டும் டம்ளரும் அங்கேதான் இருந்தன. நான் செய்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவர் வழி வைக்கவில்லை.

ஆனால் ஒரு காரியம் செய்தார். அந்த வாரம் பாண்டி பஜாரில் வெள்ளைத் துணியும் நூலும் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் உள் அறைக்குப் போகவில்லை. முன் அறையில், வாசல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஊசி கோத்தார்.

"கதவச் சாத்திக்கிடுங்க" என்றாள் அம்மா.

"வெளிச்சம் வேணும்லா."

"யாராவது வந்தா?"

"வரட்டும்."

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவின் கையில் பூ எழும்புவதை எனக்கு விவரம் தெரிந்து அன்றுதான் பார்த்தேன். புடவை விரிக்கிற கை. அது இவ்வளவு சின்னதாகவும் அசையும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு வந்த இரண்டு வரன்களிடம் அப்பாவே சொல்லிவிட்டார். காப்பி கொடுப்பதற்கு முன்பே சொன்னார். இரண்டு வீட்டாரும் நாகரிகமாக எழுந்து போனார்கள். ஒரு வீட்டார் டம்ளரைத் தொடவில்லை. அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கும் அப்பா மேல் கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

மூன்றாவது, கே.கே. நகரில் இருந்து வந்தவர்கள். பையன் டிராஃப்ட்ஸ்மேன். நானே சொல்கிறேன் என்று அப்பாவைத் தடுத்துவிட்டு, பால்கனியில் மாப்பிள்ளையிடம் பேசினேன். ஆஸ்பத்திரி, இரண்டு வருஷம், பம்பாய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்க வீட்டுல சித்தப்பா பினாங்கு போனார்" என்றார். "எனக்கு அப்போ ஏழு வயசு. அங்கேயே இறந்துட்டார்னு சொன்னாங்க. நீங்க சொல்றப்ப யோசிச்சுப் பார்க்கிறேன். அவர் கப்பல் ஏறினதை நாங்க யாருமே பார்க்கல. ஒரு லெட்டர் வந்து பார்த்ததில்ல."

இருவரும் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படி எங்கெங்கோ போயிருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். உள்ளே போய், சம்மதம் என்று சொன்னார் அவர். அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. அவர் வீட்டில் பெரியவர்களிடம் சித்தப்பாவைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

எனக்குக் குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் அப்பா கே.கே. நகருக்கு வந்தார். குழந்தைக்கு ஒரு சட்டையும் சின்னப் போர்வையும் கொண்டுவந்திருந்தார். என் மாமியார் போர்வையை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தார்.

"மதினி போட்டதா அண்ணாச்சி?"

"நான் போட்டதும்மா."

"நீங்களா? இத எங்க படிச்சீக?"

அப்பா ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். எந்த வருஷங்கள் என்பதையும் சொன்னார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியாரின் கை போர்வையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு, மகன் இருப்பதையே மறந்த மாதிரி, மிக மெல்லிய குரலில் கேட்டார். "அங்க எங்க கொழுந்தன் ஒருத்தர் இருந்தாரு. நல்ல உயரம். இடது காதுல ஒரு கடுக்கன் போட்டிருப்பாரு. நீங்க பார்த்தீகளா?"

"எந்த வார்டும்மா?"

"தெரியல அண்ணாச்சி. நாங்க போய்ப் பார்க்கவே இல்ல."

என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா உடனே பதில் சொல்லவில்லை. நினைத்துப் பார்க்கிறாரா, என்ன சொல்வதென்று யோசிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகும் இதை அவரிடம் நான் கேட்கவில்லை.

"நெறைய பேரு இருந்தோம்மா" என்றார். "யாரும் தனியா கெடக்கல. ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்."